கமரா யாருடைய முகத்தில் நிற்கிறது?

அச்சுவேலியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் குறும்படமும் யூரியூப் தொடரும் எடுத்துக்கொண்டிருக்கும் தம்பிமார், தங்கச்சிமார் எல்லோருக்கும்,

உங்கள் கதைகளில் எனக்குக் குறை இல்லை. நுண்கடன் எடுத்து மாட்டுப்பட்ட தாய், சீதனத்துக்காகக் காணியை ஈடுவைக்கும் தகப்பன், வெளிநாட்டு மாப்பிள்ளைக்குக் காத்திருந்தே வயது ஏறிப்போன பெண் என்று இங்கே நடப்பதைத்தான் எடுக்கிறீர்கள். வசனத்தில் பெண் நிமிர்ந்து பேசுகிறாள், சீதனம் கேட்டவன் தலை குனிகிறான். ஆனால் கமராவை எங்கே வைப்பது, யாருடைய முகத்தில் எவ்வளவு நேரம் நிறுத்துவது, எந்த இடத்தில் இசையை ஏற்றுவது என்று வரும்போது உங்கள் கை தானாகவே சென்னைத் தொடர்நாடகத்தின் வழக்கத்துக்குப் போய்விடுகிறது. அந்த வழக்கத்துக்கு என்று ஒரு கருத்து இருக்கிறது. திரையில் ஆண் இன்னவன், பெண் இன்னவள் என்று நமக்குப் பழக்குவதில் வசனத்தைவிடக் கமராவுக்கும் ஒலிக்கும் எடிற்றிங்குக்கும்தான் பங்கு அதிகம். வசனம் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கமரா அதற்கு நேர்மாறானதைச் செய்துவிட முடியும். பார்ப்பவர்கள் மனதில் தங்குவது பெரும்பாலும் கமரா செய்ததுதான்.

வழமையான ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். எந்தத் தொடர் என்பது முக்கியமில்லை. பின்னேரம் ஆறரைக்குப் பிறகு எந்தச் சனலைப் போட்டாலும் இது அகப்படும். பெரிய ஹோல், நடுவில் சோபா, பின்னால் மாடிப்படி. மூத்த மகன் படியால் இறங்கி வருகிறான். முதலில் செருப்பு, பிறகு வேட்டிக்கரை, பிறகு கீழிருந்து மேலே பார்க்கும் கோணத்தில் முழு ஆள். சோபாவில் இருந்துகொண்டு, “இனி அவள் வேலைக்குப் போகத் தேவையில்லை” என்கிறான். சொல்லி முடிக்க மூன்று விநாடி. அதன் பிறகு அவனுடைய முகம் நமக்குத் தேவைப்படுவதில்லை. ஒரு முழக்கச் சத்தத்தோடு கமரா குசினி வாசலில் நிற்கும் அவனுடைய மனைவியின் முகத்துக்குப் பாய்கிறது. பிறகு தாய், பிறகு தம்பியின் மனைவி, தூணருகே நிற்கும் வேலைக்காரப் பெண். கடைசியாகத்தான் அந்த ‘அவள்’. கண் விரிகிறது, உதடு துடிக்கிறது, அதே முகம் மூன்று தடவை மூன்று அளவில் வெட்டிக் காட்டப்படுகிறது, விளம்பரம் வருகிறது. 2000ஆம் ஆண்டில் ஸ்ரார் பிளஸில் தொடங்கிய ‘கியூங்கி சாஸ் பீ கபி பஹு தீ’ போன்ற ஹிந்தித் தொடர்கள் இந்த மூன்று வெட்டு வித்தையை இந்தியா முழுக்கப் பரப்பின. தமிழ்த் தொடர்களும் கேள்வி கேளாமல் எடுத்துக்கொண்டன.

இந்தக் காட்சியில் பெண்களுக்குத் திரைநேரம் அதிகம். ஆணுக்கு மூன்று விநாடி, பெண்களுக்கு ஒரு நிமிடம். ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் அவர்கள் செய்வது என்ன? ஒன்றுமில்லை. நேர்ந்ததை அவர்கள் முகத்தில் வாங்கிக்கொள்கிறார்கள். முடிவு எடுத்தவன் ஏன் அப்படி எடுத்தான், அதைச் சொல்லும்போது அவனுக்கு உள்ளே ஏதாவது பிசைந்ததா என்று கமரா கேட்பதே இல்லை. ஆண் என்றால் செயல் மட்டும்தான், அவனுக்குள்ளே எட்டிப்பார்க்க ஒன்றுமில்லை. பெண் என்றால் உள்ளம் மட்டும்தான், அவள் கையால் நடப்பது ஒன்றுமில்லை. இருவருக்கும் இது அநியாயம். இத்தனைக்கும் எழுத்தாளர் ஒரு வசனமும் எழுதவில்லை. கமரா திரும்பிய திசையும் நின்ற நேரமும் போதுமாக இருந்தன.

ஒரே ஒரு பெண்ணுக்கு மட்டும் இந்த விதியில் விலக்கு உண்டு. அவள் வில்லி. அவள் திட்டம் போடுகிறாள், ரெலிபோன் எடுத்து ஆட்களை அனுப்புகிறாள், காணி உறுதியை மாற்றுகிறாள். செயல் அவளிடம் இருக்கிறது. அதற்கு விலையாகத் தூக்கிய புருவமும் அடர்ந்த நிறச் சேலையும் பக்கவாட்டு வெளிச்சமும் அவள் வந்தாலே ஒலிக்கும் தனி இசையும் அவளுக்குக் கட்டிவிடப்படுகின்றன. நாம் மட்டும் கேட்கும்படி அவளுடைய மனக்குரலும் ஒலிக்கிறது. இதே வேலைகளைக் குடும்பத்து ஆண் ஒருவன் செய்தால் அது ‘பிசினஸ்’; சாதாரண வெளிச்சத்தில், இசை இல்லாமல் நடந்து முடிந்துவிடும். அமெரிக்கத் தொடர்நாடகங்களைப் பற்றி தானியா மோட்லெஸ்கி 1982இல் எழுதிய நூலில் இந்த வில்லியை ஆழமாகப் பார்த்திருக்கிறார். பெண்ணுக்குள்ள பலவீனங்களையே ஆயுதமாக்குபவள் அவள், பார்க்கும் பெண்கள் அவளை வெறுத்துக்கொண்டே உள்ளூர ரசிக்கிறார்கள் என்பது அவருடைய வாதம். நம்முடைய வீடுகளில் நாடகம் ஓடும்போது வில்லிக்கு விழும் திட்டுகளைக் காதுகொடுத்துக் கேட்டால் அந்தத் திட்டிலே ஒரு சுவாரசியமும் கலந்திருப்பது தெரியும்.

இந்த உத்திகள் யாரோ ஒரு கெட்டவர் இருந்து யோசித்துச் செய்தவை அல்ல. அமெரிக்க வானொலியில் 1930களில் பகல்நேரத் தொடர்நாடகம் உருவானபோது அதற்குக் காசு கொடுத்தவை சவர்க்காரக் கம்பனிகள். வீட்டு வேலை செய்துகொண்டே கேட்கும் மனைவிமாருக்குச் சவர்க்காரம் விற்பதுதான் நோக்கம். இர்னா பிலிப்ஸ் உருவாக்கிய ‘கைடிங் லைட்’ 1937இல் வானொலியில் தொடங்கி 1952இல் தொலைக்காட்சிக்கு வந்து 2009 வரை ஓடியது. தொலைக்காட்சி வந்த பிறகும் கேட்பவளின் நிலைமை மாறவில்லை. அவள் திரைக்கு முன்னால் இருப்பவள் அல்லள். பக்கத்து அறையில் வேலையாக நின்று அடிக்கடி எட்டிப்பார்ப்பவள். அதனால்தான் ஒலி அவளைக் கூப்பிடுகிறது. முழக்கம் கேட்டால் ஓடிவரலாம். மூன்று தடவை வெட்டிக் காட்டுவதால் ஒன்றைத் தவறவிட்டாலும் மற்றது கிடைக்கும். நடந்ததையே வேறொருவருக்குத் திரும்பச் சொல்லும் வசனங்களும் அவளுக்காகத்தான். பெண்ணுக்கு இடம் குசினி என்று கதையில் யாரும் சொல்லவேண்டியதில்லை. பார்ப்பவள் அங்கேதான் நிற்கிறாள் என்று எடுத்துக்கொண்டே நாடகம் கட்டப்பட்டிருக்கிறது.

முடிவில்லாமையும் ஓர் உத்திதான். ஜோன் ஃபிஸ்க் 1987இல் தொலைக்காட்சிப் பண்பாட்டைப் பற்றி எழுதியபோது, ஆண்களுக்கென எடுக்கப்படும் தொடர்கள் ஓர் இலக்கை நோக்கி ஓடி முடிந்துவிடுகின்றன, பெண்களுக்கென எடுக்கப்படுபவை முடிவைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கின்றன என்று பிரித்துக்காட்டினார். நமக்குத் தெரிந்த உதாரணம் வைத்துப் பாருங்கள். நாகாவின் இயக்கத்தில் 1990களில் சன் ரி.வி.யில் வந்த ‘மர்மதேசம்’ வாரம் ஒருமுறை வந்தது, மர்மம் அவிழ்ந்ததும் முடிந்தது. திருச்செல்வத்தின் ‘கோலங்கள்’ 2003 முதல் 2009 வரை 1500க்கும் மேற்பட்ட பகுதிகள் ஓடியது. தேவயானி நடித்த அபி கட்டடத் தொழில் நடத்தும் பெண். அறிவும் துணிவும் உள்ளவள். ஆனால் நாளைக்கும் நாடகம் இருக்கவேண்டும் என்பதால் அவளுடைய எந்த வெற்றியும் ஒரு கிழமைக்கு மேல் நிலைக்க முடியாது. பகுதிக்குப் பகுதி தாங்கிக்கொண்டிருப்பதே அவளுடைய குணமாகிவிடுகிறது. பொறுமைதான் பெண்மை என்று அபி ஒருபோதும் சொல்லத் தேவையில்லை, நாட்காட்டி சொல்லிவிடும்.

கதையும் உத்தியும் எதிரெதிராக இழுப்பதற்கு எனக்குத் தெரிந்து ‘எதிர்நீச்சல்’ போல நல்ல சான்று வேறில்லை. அதையும் திருச்செல்வமே இயக்கினார். 2022 முதல் 2024 வரை முதல் பாகம் ஓடியது. ஆதி குணசேகரன் என்ற மூத்தவனின் அதிகாரத்துக்குள் அடைபட்ட ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, ஜனனி என்ற பெண்கள் ஒவ்வொருவராக எழும்புவதுதான் கதை. நோக்கம் சந்தேகமில்லாமல் பெண்களின் பக்கம். ஆனால் ஊரெல்லாம் பரவியது யாருடைய பேச்சு? மாரிமுத்து நடித்த குணசேகரனின் “இந்தாம்மா ஏய்” என்ற அதட்டல். சின்னப் பிள்ளைகள் அதைப் பேசிக்காட்டினார்கள், மீம்கள் குவிந்தன. 2023 செப்டெம்பர் 8ஆம் திகதி மாரிமுத்து காலமானபோது, அந்தக் கொடுமைக்காரப் பாத்திரத்துக்காகவே சனம் அவரை நினைத்து அழுதது. அவர் அருமையான நடிகர், அதில் மறுபேச்சில்லை. ஆனால் நடிப்பு மட்டும் காரணமில்லை. ஹோலின் நடு இருக்கை அவருக்கு. நீட்டி முழக்கிப் பேச நேரமும், நக்கலுக்கு முன் விழும் சின்ன இடைவெளியும் அவருக்கு. மற்றவர்கள் வாய்மூடி நிற்கும் பின்னணியும் அவருக்கே. பெண்களுக்கு அந்த ஹோலில் மிஞ்சியது எதிர்வினை முகங்கள். வில்லனை வெறுக்கச் சொல்லிக் கதை கெஞ்சியது. கமரா அவரைக் கொண்டாடியது.

அதே தொடரின் சமையலறைக் காட்சிகளை மறுபடி பாருங்கள். அங்கே நாலு பெண்களும் பெரும்பாலும் ஒரே சட்டகத்துக்குள் நிற்கிறார்கள். ஒருத்தி காய் வெட்ட, மற்றவள் பேச, இன்னொருத்தி இடையில் நக்கலடிக்க, பேச்சு பேச்சின்மேல் விழுகிறது. முழக்கம் குறைவு. கை ஓய்வதில்லை. நந்தினியின் வாய்க்குக் குணசேகரனே பயப்படவேண்டும் என்று தோன்றும். அந்த இடங்களில் மட்டும் அவர்கள் வாங்குபவர்களாக இல்லாமல் செய்பவர்களாகத் தெரிகிறார்கள். இத்தனைக்கும் நடிகைகளும் வீடும் எழுத்தும் அதுவேதான். கமரா பின்னுக்கு நகர்ந்தது, வெட்டும் குறைந்தது. அவ்வளவில் பெண்மை வேறொன்றாகிவிட்டது.

இதற்கு மறுப்புச் சொல்வீர்கள் என்று தெரியும். முதல் மறுப்பு நியாயமானது: பெண்கள் விரும்பித்தானே பார்க்கிறார்கள், அவர்களுடைய ரசனையைப் பழிக்க நாம் யார்? பழிக்கவில்லை. தமிழ்ச் சினிமாவில் நாற்பது தாண்டிய நடிகைக்குத் தாய் வேடத்துக்குமேல் கிடைக்காத காலத்தில், ராதிகா தன் சொந்த நிறுவனத்தின்மூலம் 1999இல் ‘சித்தி’யைக் கொண்டுவந்து மாலை நேரத்தையே மாற்றினார். பெண்கள் இருந்து பேசுவதை, ஒரு மருமகளின் மனக்கசப்பை, அரைமணி நேரம் பார்க்கத் தகுந்த விஷயமாக மதித்தது தொடர்நாடகம்தான். சினிமா அதைச் செய்யவில்லை. ‘நாடகம் பாக்கிற பொம்பிளையள்’ என்று இளக்காரமாகப் பேசும் ஆண்கள், சண்டைப் படத்தில் ஒருவன் இருபது பேரை அடிப்பதை எந்தக் கூச்சமும் இல்லாமல் பார்ப்பவர்கள். என்னுடைய குறை பார்ப்பவர்கள்மேல் இல்லை. அவர்களுக்குப் பிடித்த வடிவத்தையே இன்னும் நேர்மையாக எடுக்க முடியும் என்று சொல்கிறேன்.

இரண்டாவது மறுப்பு காசு. நாள்தோறும் ஒரு பகுதி முடிக்கவேண்டும், ஒரே செற், முகத்தைக் கிட்ட எடுத்தால் பின்னணி தேவையில்லை, அதனால்தான் இப்படி என்பீர்கள். உண்மைதான். ஆனால் ஜப்பானின் என்.எச்.கே. 1983 ஏப்ரல் தொடங்கி 1984 மார்ச் வரை நாளுக்குப் பதினைந்து நிமிடமாக 297 பகுதிகள் ஒளிபரப்பிய ‘ஓஷின்’ இதே வகையான தினத்தொடர்தான். இலங்கையில் ரூபவாஹினியில் அது ஓடிய காலத்தை மூத்தவர்கள் மறக்கவில்லை. அதிலும் கண்ணீர் ஏராளம். பொறுமையை அதுவும் விற்றது. ஆனாலும் எழுதிய ஹஷிதா சுகாகோவும் எடுத்தவர்களும் ஓஷினின் கைகளைக் காட்ட மறக்கவில்லை. பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு குளிர்தண்ணீரில் துணி தோய்க்கும் சிறுமி, தலைமுடி அலங்காரம் பழகும் இளம்பெண், கடை நடத்தும் முதலாளி என்று அவளை வேலையின்மூலம்தான் அறிகிறோம். ஒரு கையைக் கிட்ட எடுப்பதற்கும் ஒரு முகத்தைக் கிட்ட எடுப்பதற்கும் செலவு ஒன்றுதான்.

மூன்றாவது மறுப்பு எனக்குக் கோபம் வரவழைப்பது: நிஜத்தில் அப்படித்தானே இருக்கிறது என்பது. எந்த நிஜத்தில்? இந்தப் பக்கத்துச் செம்மண்ணில் வெங்காயம் நடுகிறவர்களும் புடுங்குகிறவர்களும் பெரும்பாலும் பெண்கள். வெயில் ஏற முன்னம் தோட்டத்தில் குனிந்து நிற்பார்கள். போர் முடிந்த பிறகு வடக்கில் எத்தனையோ குடும்பங்கள் பெண்ணின் உழைப்பில் நிற்கின்றன. வங்கிக்குப் போவதும், காணிப் பிணக்குக்குக் கச்சேரிக்கு அலைவதும், காணாமற்போனவர்களுக்காக வீதியில் இருப்பதும் அவர்கள். ஹோலின் வாசலில் திகைத்து நிற்பதற்கு அவர்களுக்கு நேரமில்லை. ஆண்களும் மாடிப்படியால் இறங்கி வருபவர்களாக இல்லை. சுவிஸிலிருந்து பாதி இரவில் வட்ஸ்அப்பில் மகளின் முகம் பார்ப்பவர்கள், கால் இழந்து கடை வைத்திருப்பவர்கள், தவறணையில் பின்னேரத்தைக் கழிப்பவர்கள், பிள்ளையைச் சைக்கிளில் ரியூசனுக்கு ஏற்றிப்போகும் ஓய்வுபெற்ற வாத்திமார் என்று பலவிதம். செருப்பிலிருந்து தொடங்கும் அந்தக் கோணத்தில் இவர்களில் ஒருவரையும் எடுக்க முடியாது.

ஆண் அழுதால் சனம் ஏற்காது என்பீர்களானால், யாழ்ப்பாணத்து மேடையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். காங்கேசன்துறை வி. வி. வைரமுத்துவின் மயானகாண்டம் இந்தக் குடாநாட்டில் எத்தனை கோயில் வீதிகளில் விடியும்வரை நடந்தது! மனைவியையும் பிள்ளையையும் இழந்து சுடலை காக்கும் அரிச்சந்திரன் உருகிப் பாடுவதைக் கேட்கத்தான் ஊர் திரண்டது. அவனை ஆண்மை குறைந்தவன் என்று யாரும் சொல்லவில்லை. சென்னைத் தொடரிலும் ‘மெட்டி ஒலி’ இதைச் செய்து காட்டியது. 2002 முதல் 2005 வரை ஓடிய அந்தத் தொடரில், ஐந்து பெண்பிள்ளைகளைக் கரையேற்றப் பாடுபடும் தகப்பன் சிதம்பரமாக டெல்லி குமார் நடித்தார். கமரா அவருடைய முகத்தில் நின்று பொறுத்தது. சனம் பார்த்தது, கொண்டாடியது. ஏற்க மாட்டார்கள் என்ற பயம் எடுப்பவர்களுடையது.

மேடை இன்னுமொன்றையும் அறிந்திருந்தது. நம்முடைய கூத்திலும் இசைநாடகத்திலும் நெடுங்காலம் பெண்வேடத்தை ஆண்களே தாங்கினார்கள். அதில் பெண்களுக்கு இடம் மறுக்கப்பட்டது உண்மை. அதைப் பெருமையாகச் சொல்ல முடியாது. ஆனால் அரிச்சந்திரனின் மனைவி சந்திரமதியாக வருபவர் பகலில் தோட்டம் கொத்துபவர் என்று பார்ப்பவர் அத்தனை பேருக்கும் தெரியும். நடை, குரல், சேலைத் தலைப்பைப் பிடிக்கும் விதம் எல்லாம் பழகிச் செய்தவை என்பதும் தெரியும். பெண்மை செய்துகாட்டப்படும் ஒன்று என்பது மேடையிலேயே வெளிப்படையாக இருந்தது. தொலைக்காட்சி அதை மறைத்துவிட்டது. சென்னைத் தொடர்களில் பல கதாநாயகிகளுக்கு வேறொருவர் குரல் கொடுக்கிறார். மருமகளுக்கு மெல்லிய குரலும் வில்லிக்குத் தடித்த குரலும் தேடிப் பொருத்தப்படுகின்றன. ஆனால் பார்ப்பவருக்கு அது அவளுடைய இயல்பாகவே கேட்கிறது.

கடைசியாக உங்களுடைய மறுப்பு: நாங்கள் சீரியல் எடுக்கவில்லை, எங்களுடையது மாற்றுச் சினிமா என்பது. அப்படியென்றால் தாடி வைத்த இளைஞன் கடற்கரையில் முதுகு காட்டி மெதுவாக நடப்பதும், வயதான தாய் விறாந்தையில் ஒரு சொல்லும் பேசாமல் இருப்பதும் ஏன் திரும்பத் திரும்ப வருகின்றன? அவன் யோசிக்கிறான், அவள் காத்திருக்கிறாள். மாடிப்படி இல்லை, முழக்கம் இல்லை, வயலின் மட்டும் இருக்கிறது. பங்கீடு பழையதுதான். அந்தத் தாயை மண்ணின் குறியீடு என்பதைவிட, அவள் யாரிடம் எவ்வளவு கடன் வைத்திருக்கிறாள், அதை எப்படிக் கட்டப்போகிறாள் என்று அவளே கணக்குப் பார்ப்பதை எடுங்கள். பேசவிடுங்கள், அதுவும் யாழ்ப்பாணப் பேச்சில். வானொலியில் சானாவின் ‘லண்டன் கந்தையா’ நாடகத்தை ஊர் கேட்டுச் சிரித்தது அந்தப் பேச்சுக்காகத்தான்.

ஒரு வேலை செய்து பார்க்கலாம். உங்கள் அடுத்த படத்தில் ஆண் முடிவு சொல்லும் ஒரு காட்சியை வழமைபோல எடுத்துவிட்டு, அதே வசனத்தை மறுபடி எடுங்கள். இம்முறை அவன் சொல்லி முடித்த பிறகும் கமரா அவனிலேயே நிற்கட்டும். அவள் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்தாமல் செய்யட்டும். பின்னணி இசை வேண்டாம். இரண்டையும் எடிற்றிங்கில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அச்சுவேலிச் சந்தையில் மரக்கறி விற்கும் பெண்கள் நாலு பேருக்கும் ஓட்டோ ஓட்டும் ஆண்கள் நாலு பேருக்கும் போட்டுக்காட்டுங்கள். படம் நல்லதா கூடாதா என்று கேட்கவேண்டாம். இந்த வீட்டில் யார் முடிவெடுக்கிறார், யாருக்கு நோகிறது என்று மட்டும் கேளுங்கள். வரும் பதில்களை எழுதிவைத்து எனக்கும் அனுப்பினால், நான் சொன்னதில் எது பிழை என்று அடுத்த மடலில் பேசலாம்.

அன்புடன்,
அச்சுவேலியிலிருந்து உங்களில் ஒருவர்